நடுகல்லில் ஒரு நாய்

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் காது கொடுங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல். அவன் பக்கத்தில் ஒரு நாய். பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயரையும் கல்லிலே வெட்டிவைத்தார்கள் நம் முன்னோர். எவ்வளவு பெரிய மனசு!

இப்படியொரு கல்லைக் காட்டிப் பிள்ளையிடம் "வீரரைக் கும்பிடு" என்றால் கும்பிட்டுவிட்டு ஓடிவிடும். "அந்த நாய் ஏன் அங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். கதை கேட்க உட்கார்ந்துவிடும். தாத்தாவிடம், "நம்ம ஊரில் இப்படிக் கல் உண்டா?" என்று கேளுங்கள். அவரே பேசத் தொடங்குவார். நாம் சொல்வதைவிடக் கேட்பதே நல்லது.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் பல உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதா? ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்குங்கள். தீவுத்திடல் பக்கம் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் மடிந்தவர்களுக்காக எழுப்பியது. அதுவும் ஒரு நடுகல் போலத்தான். அங்கேயும் பிள்ளை கேட்கட்டும்: இவர்கள் எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளைகள்?