குப்பைக்குப் போன சதை

எலி இருக்கு, குரங்கு இருக்கு. மனுஷச் சதையைக் கண்ணாடிக் கிண்ணத்துல வளர்க்கணுமான்னு எதிரணி அம்மா கேட்டாங்க. எல்லாரும் கை தட்டினீங்க. அவங்க பேசுற அழகுக்கு நானும் தட்டிட்டேன். (சிரிப்பு)

2006 மார்ச் 13, லண்டன். டி.ஜி.என். 1412ன்னு ஒரு புது மருந்து. குரங்குக்குக் கொடுத்தப்போ ஒண்ணும் ஆகலை. அந்த அளவுல 500-ல ஒரு பங்கைத்தான் ஆறு இளைஞர்களுக்கு ஏத்தினாங்க. ஒண்ணரை மணி நேரத்துல ஆறு பேருக்கும் நடுக்கம், வலி, வாந்தி. அத்தனை பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுல! உயிர் பிழைச்சாங்க, ஒருத்தருக்குக் கால் விரல்கள் போச்சு. காரணம் பிறகுதான் தெரிஞ்சுது. அந்த மருந்து பிடிச்சுக்கிற கொக்கி மனுஷனோட ஒரு வகை வெள்ளை அணுவுல இருக்கு. குரங்கோட அதே வகை அணுவுல இல்லை!

என் பையனுக்கு டான்சில் ஆபரேஷன் நடந்தப்போ, நர்ஸம்மா கிண்ணத்துல வெச்சுக் காட்டினாங்க. "தூக்கிப் போட்டுடுங்கம்மா"ன்னேன். ஆபரேஷன் செலவைப் பார்த்ததும், அதைக் கையோட வாங்கி வந்திருக்கலாமோன்னு தோணுச்சு. (பலத்த சிரிப்பு)

ஐயா, டான்சில்ங்கறது தொண்டை வாசல்ல உட்கார்ந்திருக்கிற காவல் நிலையம். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல மார்க் டேவிஸ் குழுவினர் இப்படி வெட்டி எடுத்த டான்சிலைத்தான் வாங்கினாங்க. தனித்தனி செல்லாப் பிரிச்சு, கிண்ணத்துல நெருக்கமாப் போட்டாங்க. சில நாள்ல அந்தச் செல்கள் தானாவே கூடிச்சு! கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க தனித்தனியா வந்தாலும் பந்தியில ஒண்ணா உட்கார்ந்துடுவாங்களே, அப்படி. உடம்புக்குள்ள எப்படிக் கூட்டம் போடுமோ, அதே மாதிரி. அதுமேல ஃப்ளூ தடுப்பு மருந்தை விட்டா, கிருமியை அடையாளம் கண்டு ஆன்டிபாடியும் தயாரிச்சுது. கொரோனாவுக்கான ஒரு தடுப்பூசியையும் இதுல சோதிச்சு, 2021-ல வெளியிட்டாங்க. ஒவ்வொருத்தர் டான்சிலும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்லுதாம். ஒரே மாதிரி வளர்த்த எலி அதைச் சொல்லுமா?

அதுக்கு இதயம் இல்லை, ஈரல் இல்லை. காய்ச்சல் வருமான்னு அது சொல்லாது. ஒத்துக்கறேன். அதனால எலியே வேண்டாம்னு நான் சொல்லலை. எலியைக் கேட்ட பிறகு, என் பையன் கையில ஊசி ஏறுறதுக்கு முன்னால, மனுஷச் செல்லையும் ஒரு வார்த்தை கேளுங்கன்னுதான் சொல்றேன். அந்த ஆறு பேரைப் பெத்த அம்மாக்கள் எதிரணியில உட்கார்ந்திருந்தா, என்னம்மா பேசியிருப்பாங்க?

நடுவர் மணியைத் தொட்டுட்டார். உட்கார்ந்துடறேன்.