பெருக்கினால் குறையுமா?



தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தோல் வேலை, தையல் வேலை, இட்லி வியாபாரம், முறுக்கு சுடுதல் என்று பல தொழில்கள். எல்லாத் தொழிலிலும் கணக்கு உண்டு. அதிலும் முழு எண் மட்டும் வருவதில்லை. அரை, கால், முக்கால் எல்லாம் வரும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் திணற வைப்பதும் இந்தக் கணக்குத்தான். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கு என்பார் ஆசிரியர். பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்கும். இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்ற அம்மாவால் சொல்லித்தர முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். பெருக்குவது என்றால் பெருகுவது என்றுதானே பொருள்? ஆனால் அரையைக் காலால் பெருக்கினால் விடை அரைக்கால். அது அரையைவிடச் சிறியது. காலைவிடவும் சிறியது. பெருக்கினால் குறையுமா?

குறையும். பெருக்குவது என்றால் இத்தனை மடங்கு எடுப்பது. ஒரு கிலோ அரிசியை மூன்று மடங்கு எடுத்தால் மூன்று கிலோ. ஒரு மடங்கு எடுத்தால் ஒரு கிலோ. அரை மடங்கு எடுத்தால் அரை கிலோதான். ஒன்றுக்குக் குறைந்த எண்ணால் பெருக்கினால் விடை குறையத்தான் செய்யும்.

'அரைக்கால்' என்ற சொல்லைப் பாருங்கள். அரையும் காலும் சேர்ந்த சொல் அது. காலில் பாதி என்பது பொருள். நாலணாவில் பாதி இரண்டணா என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாலணா கால் ரூபாய். இரண்டணா அரைக்கால் ரூபாய். அந்தக் காலத்தில் ரூபாய்க்கு 16 அணா. ஆக, அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. சொல்லுக்குள்ளேயே பெருக்கல் இருக்கிறது. பழைய திண்ணைப் பள்ளிகளில் பின்னங்களுக்கும் வாய்பாடு உண்டு. பிள்ளைகள் அதை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள்.

மும்பைக் கடைகளிலும் இதே கணக்குதான். 'பாவ்' என்றால் கால். 'ஆதா பாவ்' என்றால் அதில் பாதி. ஆதா பாவ் மிளகாய்த் தூள் கேட்டால் கடைக்காரர் 125 கிராம் நிறுப்பார். அதுவே அரைக்கால் கிலோ.

பிள்ளைக்கு இதைக் காட்ட ஒரு தாள் போதும். தாளை நெடுக்கில் நான்காக மடித்துப் பிரியுங்கள். மூன்று பங்குக்கு மஞ்சள் தடவுங்கள். இது முக்கால். பிறகு குறுக்கில் மூன்றாக மடித்துப் பிரியுங்கள். இப்போது 12 கட்டங்கள் இருக்கும். குறுக்கே உள்ள மூன்று வரிசையில் இரண்டை மட்டும் எடுங்கள். அவற்றில் மஞ்சள் கட்டங்கள் எத்தனை? ஆறு. பன்னிரண்டில் ஆறு என்றால் பாதி. ஆக, முக்காலில் மூன்றில் இரண்டு பங்கு அரை.

இதையே பள்ளியில் 2/3 × 3/4 என்று எழுதுவார்கள். மேல் எண்களைப் பெருக்கினால் 6. கீழ் எண்களைப் பெருக்கினால் 12. தாளில் எண்ணிய பிள்ளைக்கு இந்த விதி மறக்காது.

அடுத்து தசமம். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு பைசா ஆனது. சேரும் மணங்கும் போய்க் கிலோவும் கிராமும் வந்தன. புள்ளி வைத்து எழுதும் கணக்கு வீட்டுக்குள் வந்தது. அரை என்பது 0.5. கால் என்பது 0.25. இரண்டையும் பெருக்குவது எப்படி? புள்ளியை மறந்துவிட்டு 5-ஐ 25-ஆல் பெருக்குங்கள். 125 வரும். முதல் எண்ணில் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம். இரண்டாவதில் இரண்டு. மொத்தம் மூன்று. ஆகவே விடை 0.125. அதாவது, ஆயிரம் கிராமில் 125 கிராம். அதே ஆதா பாவ்!

புள்ளி இடம் மாறினால் பணம் போகும். கிலோ 48.50 ரூபாய் விலையில் இரண்டரைக் கிலோ அரிசி வாங்கினால் 121.25 ரூபாய். இரண்டு கிலோவுக்கு 97 ரூபாய். மூன்று கிலோவுக்கு 145.50. விடை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இப்படி முதலில் மனத்தில் மதிப்பிடும் பழக்கத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இனி, பலரும் தவறுகிற ஓர் இடம். ஓர் அறை பத்தரை அடி அகலம், பன்னிரண்டரை அடி நீளம். எத்தனை சதுர அடி? பத்துப் பன்னிரண்டு 120, அரையும் அரையும் கால், ஆக 120¼ என்று சிலர் சொல்வார்கள். அது தவறு.

அறையைத் தரையில் வரைந்து பாருங்கள். நான்கு துண்டுகள் வரும். பெரிய துண்டு 120. ஓரத்தில் 12 அடி நீளம், அரை அடி அகலத் துண்டு 6. அடுத்த ஓரத்தில் 10 அடி நீளம், அரை அடி அகலத் துண்டு 5. மூலையில் கால். கூட்டினால் 131¼ சதுர அடி. புள்ளிக் கணக்கிலும் 10.5 × 12.5 = 131.25.

தவறிய கணக்கில் 11 சதுர அடி காணாமல் போயிற்று. இரண்டு அடி அகலம், ஐந்தரை அடி நீளம் என்றால் 11 சதுர அடி. ஓர் ஆள் படுத்துத் தூங்கும் இடம் அது. இடத்துக்குத் தவிக்கும் தாராவியில் இது சிறிய தவறா?

இன்னொரு எச்சரிக்கை. டேப்பில் 10 அடி 6 அங்குலம் என்று இருந்தால் அதை 10.6 என்று எழுதக் கூடாது. ஓர் அடிக்கு 12 அங்குலம். 6 அங்குலம் அரை அடி. 10.5 என்றே எழுத வேண்டும்.

தாய்மார்களே! பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர, கடையும் சமையலறையும் நல்ல பாடப் புத்தகம். அரை, கால் எல்லாம் உங்கள் கைக்குப் பழகியவை. இன்று இரவு பிள்ளையோடு உட்கார்ந்து உங்கள் வீட்டை அளந்து பாருங்கள். நீளத்தையும் அகலத்தையும் பிள்ளை எழுதட்டும். பெருக்கி வந்த விடையை நீங்கள் படம் வரைந்து சரிபாருங்கள். வீட்டின் அளவை யார் வந்து கேட்டாலும், கணக்கோடு பதில் சொல்லலாம்.