மனக் கவலையும் மூச்சும்

(செஞ்சியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விதையும் உரமும் பாசனமும் சந்தையும் பேசப்படுகின்ற இவ்விடத்தில் யோகத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டபோது, முதலில் நாம் சிறிது தயங்கினோம். விடியுமுன் எழுந்து பொழுது சாயும் வரையில் குனிந்தும் நிமிர்ந்தும் பாடுபடுகிறவரிடம் சென்று, 'குனியுங்கள், நிமிருங்கள்' என்று சொல்லுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும் அன்றோ? ஆகையால் உடலை வளைக்கும் ஆசனங்களைப் பற்றி இன்று அதிகம் சொல்லப்போவதில்லை. உடல் உழைத்து ஓய்ந்த பின்னரும் உறங்க மறுக்கின்ற மனத்தைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணி கரை புரண்டு ஓடியது. பயிர்கள் நீருக்குள் நின்றன. தண்ணீர் சில நாட்களில் வடிந்து போயிற்று. ஆனால் அந்த இரவு பலருடைய மனத்திலிருந்து வடியவில்லை. நமக்குத் தெரிந்த உழவர் ஒருவர், ஐந்து ஏக்கர் நெல்லும் மணிலாவும் பயிரிடுகிறவர், மறு ஆண்டு ஐப்பசியில் வானம் கறுத்ததுமே நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். கைகள் குளிர்ந்து நடுங்கும். மூச்சு மேல்மூச்சாக வாங்கும். மாரடைப்போ என்று அஞ்சி மருத்துவமனைக்குச் சென்றார். இருதயத்தில் ஒரு குறையுமில்லை என்று பரிசோதித்து அனுப்பிவிட்டார்கள். 'குறையில்லையென்றால் இந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது?' என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

வரப்பில் நடக்கும்போது காலடியில் பாம்பு நெளிகிறது என்று வைத்துக்கொள்வோம். நினைக்கும் முன்பே உடல் துள்ளி விலகுகிறது. இருதயம் விரைந்து அடிக்கிறது, மூச்சு வேகம் கொள்கிறது, தசைகள் இறுகுகின்றன, வயிற்றில் செரிமானம் நின்று போகிறது. ஓடவோ அடிக்கவோ வேண்டிய வலிமை முழுவதையும் உடல் ஒரு நொடியில் திரட்டித் தருகிறது. இது நோயன்று; உயிரைக் காப்பதற்கு இயற்கை வைத்த காவல். பாம்பு புதருக்குள் போனதும் காவலும் தணிந்துவிடும். ஆனால் கடன் தவணையும், விலை வீழ்ச்சியும், மகளின் திருமணச் செலவும் பாம்பைப் போல வந்து போகிறவையல்ல. அவற்றைக் கண்டு ஓடவும் இயலாது, அடிக்கவும் இயலாது. உடலோ வேற்றுமை அறியாமல் அதே காவலை எழுப்பி, இரவெல்லாம் நிறுத்தி வைக்கிறது. இதுதான் நாம் மனக் கவலை என்றும், மருத்துவர்கள் பதற்றம் என்றும் கூறுவது.

பதஞ்சலி முனிவர் இதனை மிக நுட்பமாகக் கண்டிருந்தார். சித்தம் சிதறும்போது தோன்றும் அடையாளங்கள் நான்கு என்று அவர் தம் யோக சூத்திரத்தின் முதற்பாதத்திலே கணக்கிட்டார்: துன்பம், மனச் சோர்வு, உறுப்புகளின் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு. மனத்தின் நோயைச் சொல்ல வந்தவர் அவற்றில் இரண்டை உடலிலே காட்டினார் என்பதைக் கவனியுங்கள். நம் உழவர் நண்பர் சொன்னதும் இதே நான்கினைத்தான். அவர் பதஞ்சலியைப் படித்தவரல்லர்.

மேற்கூறிய மாறுதல்களுள் இருதயத் துடிப்பை நம் விருப்பப்படி நிறுத்த முடியாது. செரிமானத்தை ஆணையிட்டு நடத்த முடியாது. மூச்சு ஒன்றுதான் தானாகவும் நடக்கும். நாம் சொன்னபடியும் நடக்கும். ராஜகிரி உச்சிக் கோட்டைக்கு ஏறியவர்கள் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். மலைக்கும் உச்சிக்கும் இடையே ஆழமான பிளவு. அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தப் பாலத்தைக் கைவசம் வைத்திருக்கும் சிலரால் கீழே நிற்கும் பெரும்படையைத் தடுக்க முடியும். 1690 முதல் 1698 வரையில் மொகலாயப் படை இக்கோட்டையைச் சூழ்ந்து நின்ற வரலாறு இவ்வூர்ப் பிள்ளைகளும் அறிந்தது. உடலுக்கும் மனத்துக்கும் இடையே மூச்சு அத்தகைய பாலம். மூச்சை உள்ளிழுக்கும்போது இருதயம் சற்று விரைகிறது. வெளிவிடும்போது சற்று நிதானிக்கிறது. வெளிமூச்சை நீட்டினால், 'ஆபத்து விலகிற்று' என்ற செய்தி உடலுக்குப் போகிறது. பதஞ்சலியும் மனத் தெளிவுக்கு வழிகள் சொல்லுமிடத்தில் வெளிவிடும் மூச்சைத்தான் எடுத்துரைத்தார்.

இது வெளியூர்ச் சரக்கு என்றோ, ஒரு மதத்தார்க்கே உரியது என்றோ எண்ண வேண்டா. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், பாறை முகத்தில் தீர்த்தங்கரர் 24 பேரும் கண்மூடி நிமிர்ந்து அமர்ந்திருக்கின்ற காட்சியைப் பார்த்திருப்பீர்கள். 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைக் குறிக்கும் பழைய தமிழ்க் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. சைவத்தில் திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கே அளித்தார். இறைவனிடம் ஒப்படைத்தலைப் பதஞ்சலி பல வழிகளுள் ஒன்றாகவே வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி ஒப்படைப்பது என்பது அவரவர் வீட்டு வழக்கம்.

அச்சத்தை ஓடி ஒளியாமல் எதிர்கொண்ட ஒருவர் நமக்கு மேற்கே திருவண்ணாமலையில் வாழ்ந்தார். 1896ஆம் ஆண்டு மதுரையில், பதினாறு வயதுப் பிள்ளையாக இருந்த வேங்கடராமனை, உடம்பில் நோயேதும் இல்லாதபோதே, 'சாகப் போகிறோம்' என்ற பேரச்சம் திடீரெனப் பற்றியது. அவர் வைத்தியரைத் தேடவில்லை. எவரையும் கூவி அழைக்கவில்லை. பிணம் போலக் கை கால்களை நீட்டிப் படுத்து, 'சாவது எது? இந்த உடலா, நானா?' என்று தமக்குள் விசாரித்தார். அச்சம் அகன்றது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி அண்ணாமலைக்கு வந்தவர், 1950இல் மறையும் வரையில் அவ்வூரை விட்டு அகலவில்லை. அவரே ரமண மகரிஷி.

நமக்கும் இதே வழி உடனே கைகூடும் என்று சொல்ல மாட்டோம். அது அரிய மனிதரின் அரிய நிகழ்ச்சி. ஆனால் அச்சம் வரும்போது அதனைத் திரும்பிப் பார்க்கலாம் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நம் பகுதி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை 1902ஆம் ஆண்டு வாக்கில் மகரிஷியிடம் கேட்ட கேள்விகளும், பெற்ற விடைகளும் 'நான் யார்?' என்னும் சிறு நூலாயின. மூச்சை அடக்கினால் மனம் அடங்கும், ஆனால் மூச்சு அடங்கியிருக்கும் வரையில்தான் அடங்கும் என்று மகரிஷி அதில் தெளிவாக உரைத்துவிட்டார். மூச்சுப் பயிற்சியை எல்லா நோய்க்கும் மருந்தென்று விற்கிறவர்கள் இதைப் படிப்பது நல்லது.

ஆகவே மூச்சு அமைதியைத் தந்த பிறகு, அந்த அமைதியில் என்ன செய்கிறோம் என்பதே பெரிது. இன்னும் வராத துன்பமே தவிர்க்கத் தக்கது என்பது யோக நூலின் கொள்கை. உழவருக்கு இதன் பொருளென்ன? நள்ளிரவில் 'மழை பொய்த்தால் என்செய்வது, பெருகினால் என்செய்வது' என்று புரளுவதா? அன்று. உரிய தேதிக்குள் பயிர்க் காப்பீட்டுத் தொகையைக் கட்டிவிடுவது. 2016 முதல் நடைமுறைக்கு வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காரிப் பருவத்து உணவு தானியங்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் காப்புத் தொகையில் 2 விழுக்காடும், ராபிப் பருவத்துக்கு ஒன்றரை விழுக்காடும் உழவர் கட்ட வேண்டிய பங்கின் உச்ச வரம்பு. வடிகால் வாய்க்காலை ஆவணியிலேயே வெட்டிவிடுவதும் இவ்வகையே. இரவில் ஒரு தாளை எடுத்து, நம் கையில் இருப்பவை ஒரு பக்கமும் இல்லாதவை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். கவலை பாதியாய்க் குறைந்துவிடும் என்று உறுதி கூற மாட்டோம். எந்தப் பாதிக்கு உழைக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

இன்னொரு கவலையும் உண்டு. அதைச் சொன்னால் சிலர் சிரிப்பீர்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நம் நெல்லுக்குக் கிடைத்ததைக் காட்டிலும் அடுத்த நிலத்துக்காரருக்கு மூட்டைக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கிடைத்துவிட்டது. அன்றிரவு உறக்கம் போயிற்று. அவர் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் நீர் வந்தது. மறுபடியும் உறக்கம் போயிற்று. இன்புற்றவரிடம் நட்பு, துன்புற்றவரிடம் இரக்கம், நல்லவரிடம் மகிழ்ச்சி, தீயவரிடம் பொருட்படுத்தாமை என்று பதஞ்சலி சொன்ன நான்கையும் பெரிய ஞானிகளுக்கென்று ஒதுக்கிவிடுகிறோம். அவை ஓர் ஊரில் அக்கம் பக்கமாக வாழ்கிறவர்களுக்கே முதலில் வேண்டியவை.

இனிச் செய்முறை. மாலையில் குளித்து, உணவுக்கு முன்னர், திண்ணையிலோ கயிற்றுக் கட்டிலின் விளிம்பிலோ முதுகு நிமிர அமருங்கள். சம்மணமிட முழங்கால் இடம் தராவிட்டால் நாற்காலி போதும். சிறிது நேரம் மூச்சு எப்படிப் போகிறதோ அப்படியே கவனியுங்கள். பிறகு நான்கு எண்ணும் வரையில் மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரையில் மெதுவாக விடுங்கள். ஒரு வாரம் சென்ற பின்பு ஆறினை எட்டாக்கலாம். பத்து நிமிடங்கள் போதும். மூச்சை உள்ளே அடக்க வேண்டா. இரத்த அழுத்தமோ இருதய நோயோ உடையவர்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் அடக்கலாகாது. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். உட்கார நேரமில்லை என்பவர்கள் வரப்பில் நடக்கும்போதே நான்கு அடிக்கு உள்ளிழுத்து, ஆறு அடிக்கு வெளிவிடலாம். உறங்கச் செல்லும்போது மல்லாந்து படுத்து, கால் விரலிலிருந்து நெற்றி வரையில் ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்துங்கள். இதுவே சவாசனம். வண்டு போல ரீங்காரமிட்டு மூச்சை விடும் பிராமரி என்னும் பயிற்சி குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும், பெரியவர்கள் வெட்கப்படுகிறார்கள்.

முன்பு கூறிய உழவர் இப்பயிற்சியைச் செய்து வருகிறார். நடுக்கம் முற்றும் நின்றுவிடவில்லை. வந்தால் முன்போல மணிக்கணக்கில் நீடிப்பதில்லை. எழுந்து உட்கார்ந்து வெளிமூச்சை எண்ணி, மீண்டும் படுத்துவிடுகிறார். ஆனால் அவர் நம்மிடம் சொன்ன வேறொன்றை ஊராட்சி உறுப்பினர்கள் செவிமடுக்க வேண்டும். அவர் ஊர் ஏரிக்கரையில் புயலன்று ஏற்பட்ட உடைப்பு செப்பனிடப்பட்ட பிறகுதான் மழை இரவுகளில் அவருக்கு உறக்கம் வரத் தொடங்கிற்றாம். உடைந்த மதகின் கீழே வீட்டை வைத்திருப்பவருக்கு மூச்சுப் பயிற்சியை மட்டும் கற்றுக் கொடுப்பது நேர்மையாகாது.

யோகத்துக்கு அப்பாற்பட்ட நிலைகளும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மையும் உணவில் வெறுப்பும் நீடித்தால், கவலையை மறக்கக் குடியை நாடினால், 'இருந்து என்ன பயன்' என்ற சொல் வாயில் வரத் தொடங்கினால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தாமதிக்கலாகாது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலே மனநல ஆலோசனை பெறலாம். மாரில் வலி வந்தால் அதனைக் கவலை என்று நாமே முடிவு செய்துகொள்ளாமல், முதலில் இருதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பூச்சிமருந்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், மருந்துகளை வீட்டில் வையாமல், பொதுவிடத்தில் அவரவர்க்கெனப் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டை இரண்டு சிற்றூர்களில் சென்னை சிநேகா அமைப்பினர் நடத்திப் பார்த்தனர். 2013இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மக்கள் அதை மனமுவந்து ஏற்றனர். பூச்சிமருந்தால் நேரும் சாவுகள் அவ்வூர்களில் குறைந்தன. ஒருவருடைய மனம் தத்தளிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மருந்து கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காத்துவிடுகிறது. இத்தகைய அறை ஒன்றை அமைப்பதற்கு ஊராட்சிக்குப் பெருந்தொகை வேண்டியிராது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைக்கும்படி இங்குள்ள தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பயிற்சிக்கு இடமென்று தனிக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. மாலையில் பள்ளித் தாழ்வாரம் வெறுமையாகவே கிடக்கிறது. நூலகமும் அப்படியே. பெண்களுக்கு நேரம் வேறாக இருத்தல் நலம். ஆண்கள் உண்டு முடித்த பின்பு அவர்களுக்கு மிஞ்சுவது நள்ளிரவுதான் என்பதை வீட்டிலுள்ளோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேசுவதைக் காட்டிலும் செய்து பார்ப்பது மேல். பேருந்துக்கு நேரமாகிறவர்கள் தயங்காமல் புறப்படலாம். மற்றவர்கள் தலைப்பாகையைத் தளர்த்தி, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து அமருங்கள். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். நாம் மெதுவாக எண்ணுகிறோம். முதலில் உள்ளே இருக்கும் மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள்.