அயல்நாட்டில் ஒட்டிக்கொள்ளும் பழக்கங்கள்

(நமது புணே கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"மாமா, நீங்கள் அமெரிக்காவுக்கு ஐந்து தடவை போய் வந்தவர். அதைப் பற்றி ஒரு அரை மணி பேசுங்களேன்" என்று நம் காரியதரிசி கேட்டார். நயாகராவைப் பற்றி ஆரம்பித்தால் நீங்கள் எல்லோரும் காபி சாப்பிட எழுந்து போய்விடுவீர்கள். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில், அந்த அருவிக்கு முன்னால் நீல மழைக்கோட்டோடு நின்று எடுத்துக்கொண்ட போட்டோ இருக்கும். அதனால் வேறு விஷயம் பேசுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் மனிதர்களிடம் விசித்திரமான சில பழக்கங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைப் பார்த்து நிறையச் சிரித்தவன் நான். கடைசியில் சிரிக்க முடியாத ஒன்றையும் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இது இன்று நேற்று வந்ததல்ல. நம் கும்பகோணத்து கணித மேதை ராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே அவருக்குப் பழக்கமானவர் மஹலனோபிஸ், பின்னாளில் இந்தியாவில் புள்ளியியலை வளர்த்தவர். ஒருநாள் அவர், "ராத்திரி குளிர் தாங்குகிறதா?" என்று விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பதாக ராமானுஜன் சொன்னார். மஹலனோபிஸ் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன! வெள்ளைக்காரர் வழக்கப்படி அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டிருந்தார்கள். கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார். எண்களின் ரகசியமெல்லாம் தெரிந்தவருக்குக் கம்பளியின் ரகசியம் தெரியவில்லை. ஒருவர் கேட்டதால் அது வெளியே வந்தது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

என் பிள்ளை 2001-ல் நியூ ஜெர்சி போனான். நானும் என் மனைவியும் முதல் தடவை 2005-ல் போனோம். போன மறுநாள் காலை மாட்டுப்பெண் சாம்பாருக்குத் தாளிக்கிறாள். என் பிள்ளை ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்து விசிறிக்கொண்டு நிற்கிறான். பெருமாளுக்குச் சாமரம் வீசுகிற மாதிரியே இருந்தது.

"என்னடா பண்றே?"

"புகை அலாரம்பா. மிளகாய் கருகினா ஊரைக் கூட்டிடும்."

நான் ரசாயனம் படித்தவன். வேலை பார்த்ததும் மத்திய அரசின் ஒரு பரிசோதனைக் கூடத்தில். அந்தக் கருவியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அதில் ஒரு வகையில் அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள் துளியூண்டு இருக்கும். அது காற்றில் மின்துகள்களை உண்டாக்கி, ஒரு சிறு மின்னோட்டத்தை நடத்திக்கொண்டே இருக்கும். புகை உள்ளே புகுந்தால் அந்த ஓட்டம் குறையும், உடனே அலறும். வீடு பற்றி எரிகிற புகைக்கும் நம் கடுகு, மிளகாய்ப் புகைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

வேடிக்கை இதோடு முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவன் புணேக்கு வந்திருந்தான். சமையலறையில் அவன் அம்மா ரசத்துக்குத் தாளித்தாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று எழுந்து, கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு ஓடி, சமையலறைக் கூரையைப் பார்த்து விசிற ஆரம்பித்தான்! அங்கே அலாரமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு பல்லிதான் இருந்தது. என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்தது தயிர். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களுக்கு நாற்பது, நாற்பத்தைந்து டிகிரி சூடு இருந்தால் கொண்டாட்டம். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 20 டிகிரி. அந்தக் குளிரில் ராத்திரி உறை குத்தினால் காலையில் பாலாகவே இருக்கும். அதனால் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் அதன் உள்விளக்கை மட்டும் போட்டு வைக்கிறார்கள். அந்தக் குண்டு பல்பின் சூடே போதும். கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: "உள்ளே தயிர் இருக்கிறது. ஜாக்கிரதை." ஒருநாள் யாரோ அதைப் பார்க்காமல் ஓவனைப் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவும் தயிரும் ஒன்றாகிவிட்டதாம். அன்றிலிருந்து அந்தச் சீட்டு.

கறிவேப்பிலைக்கு அங்கே ராஜோபசாரம். இங்கிருந்து பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோக அனுமதி கிடையாது. காரணம் இருக்கிறது. அது எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்புகிற சின்னஞ்சிறு பூச்சி இந்த இலையிலும் குடியிருக்கும். ஃப்ளாரிடாவில் அந்தப் பூச்சியை 1998-லும், நோயை 2005-லும் கண்டுபிடித்தார்கள். ஆகவே தொட்டிச் செடிதான் கதி. பனி விழுகிற காலத்தில் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் வைத்துக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். குடும்பம் ஊருக்குப் போனால் செடியைச் சிநேகிதர் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். குழம்புக்கு இலைகளை எண்ணிப் போடுகிறார்கள். இங்கே காய்கறிக்காரர் கொசுறாகப் போடுவதை வாங்கிப் பழகிய எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது.

இன்னும் சில உண்டு. பாத்திரம் கழுவும் யந்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, கையால் தேய்த்த பாத்திரத்தை அதற்குள் காய வைப்பது. காலி டப்பா எதையும் எறியாமல் சேர்ப்பது. தயிர் என்று எழுதிய டப்பாவைத் திறந்தால் கொத்தமல்லித் துவையல் இருக்கும். எந்த விலையைக் கேட்டாலும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது. இந்தக் கடைசி வியாதி எனக்கும் உண்டு. நான் பி.எஸ்ஸி. முடித்த 1970-ல் டாலர் ஏழரை ரூபாய், 2024-ல் நான் போனபோது எண்பத்து மூன்று. காபி குடிக்கவே மனசு வரவில்லை.

சிரித்த நான் தப்பித்தேனா என்றால், இல்லை. பகலில் பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் ஆபீஸ், பேரன் பள்ளிக்கூடம். தெருவில் ஒரு ஈ காக்காய் கிடையாது. என் மனைவி கறிவேப்பிலைச் செடியோடு பேச ஆரம்பித்தாள், "இன்னிக்கு வெயிலே இல்லைடி, என்ன பண்ணுவே?" என்று. நான் சாயங்கால நடையில் கார்களின் நம்பர் பலகையைப் பார்த்து, எந்த மாநிலத்து வண்டி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிக்க ஆரம்பித்தேன். ஐம்பது மாநிலங்களில் முப்பத்தேழு சேர்ந்தது. அலாஸ்கா வண்டி ஒன்றைப் பார்த்த அன்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். யாரும் அவ்வளவாகச் சந்தோஷப்படவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

2017 பிப்ரவரியில் என் மனைவிக்குத் திங்கட்கிழமை ஜுரம் கண்டது. நுரையீரலில் தொற்று என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று ராத்திரி பிள்ளை போன் பண்ணினான். "அம்மா எங்கே?" என்றான். "லேசா ஜுரம், தூங்கறா" என்றேன். செவ்வாயும் அதையே சொன்னேன். புதனும் சொன்னேன். அவனை ஏன் கவலைப்படுத்த வேண்டும், வேலையை விட்டு ஏன் ஓடிவர வேண்டும் என்ற எண்ணம்தான். "சொல்லாதீங்கோ, பயந்துடுவான்" என்று அவளும் சொன்னாள். வியாழக்கிழமை காலை வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி மோசமாகி, விடிவதற்கு முன் இரண்டு மணிக்கு நான் அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். கிடைத்த விமானத்தில் கிளம்பினான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள். ஐரோப்பாவில் விமானம் மாறுகிற இடத்தில் போனைத் திறந்தபோது அவனுக்குச் செய்தி தெரிந்தது. இங்கே வந்து முகத்தைப் பார்த்தான். குரலைக் கேட்கவில்லை. திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் புதன்கிழமை வந்திருப்பான். அம்மாவோடு ஒரு நாள் பேசியிருப்பான். அதை அவன் என்னிடம் இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை.

2019-ல் நான் தனியாக நியூ ஜெர்சி போனேன். அவனிடம் இரண்டு புதுப் பழக்கங்கள். ராத்திரி டெலிபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறான். குளிக்கப் போனாலும் அது கூடவே போகிறது. வாசல் பக்கத்து அலமாரியில் ஒரு சின்னப் பெட்டி, எப்போதும் கட்டித் தயாராக இருக்கிறது. நான் வழக்கம்போல், "என்னடா, ராத்திரி போலீஸ் வந்தா ஓடறதுக்கா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் அவன் ஆபீஸ் போனபின் மாட்டுப்பெண் சொன்னாள்: "அப்பா, அந்தப் பெட்டியைப் பத்தி மட்டும் அவர்கிட்ட சிரிக்காதீங்கோ. அம்மா காரியமெல்லாம் முடிஞ்சு திரும்பி வந்த அன்னிக்கே கட்டி வெச்சது. நீங்க நன்னா இருக்கேன்னு சொன்னா அவர் நம்பறதில்லை. போனை வெச்சப்பறம் ரொம்ப நேரம் உக்காந்துண்டே இருப்பார்."

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை, கொஞ்சம் நம் ரூபாய் நோட்டு, இரண்டு சட்டை, போன் சார்ஜர். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஒன்பது ஐந்து வேஷ்டி. அது எதற்கு என்று இந்தச் சபையில் நான் விளக்க வேண்டியதில்லை.

அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு போனிலும், "ஒண்ணுமில்லை, நன்னா இருக்கோம்" என்று சொல்வதும் ஒரு பழக்கம்தானே? அந்தப் பழக்கம் என்னுடையது, உள்ளூரிலேயே இருந்த எனக்கு வந்தது. என் பிள்ளையின் பெட்டி அதிலிருந்து பிறந்தது. விசித்திரமான பழக்கம் அவனுக்கு என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அவனிடம், "உன்கிட்ட மறைச்சது என் தப்புடா" என்று சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் காபி கலந்து கொண்டுவந்தான். பிறகு இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இந்தியாவில் காலை ஆறு மணிக்கு நான் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அங்கே அப்போது குளிர்காலத்தில் முதல் நாள் ராத்திரி ஏழரை, கோடையில் எட்டரை. மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் இந்த வித்தியாசம். ஊர் திரும்பி, முதல் நாள் "நலம்" என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அப்பா, நம்பர் சொல்லுங்கோ." அன்றிலிருந்து ரத்த அழுத்தம், சர்க்கரை, முதல் நாள் எவ்வளவு தூரம் நடந்தேன் என்று எண்களாகவே அனுப்புகிறேன். பரிசோதனைக் கூடத்தில் எழுதிய ரிஜிஸ்டர் மாதிரி. முழங்கால் வலித்தால் அதையும் எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வெளிநாட்டு விமானங்கள் நின்றபோது அவன் பெட்டியால் ஒரு பயனும் இல்லை. அந்த ஆறு மணிச் செய்திதான் எங்கள் இருவரையும் காப்பாற்றியது.

2022-ல் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பழைய ஆளாக இருந்தால் மறைத்திருப்பேன். வீங்கிய மணிக்கட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "எக்ஸ்ரே எடுத்துட்டுச் சொல்லுங்கோ" என்றான். எடுத்தேன், எலும்பு முறியவில்லை, படத்தையும் அனுப்பினேன். அன்று ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்கினதாக மாட்டுப்பெண் சொன்னாள். உண்மையைச் சொன்னால் பயப்படுவான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். சொல்லாமல் விட்டதற்குத்தான் பயந்திருக்கிறான்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் வெளிநாட்டில் பிள்ளையோ பெண்ணோ இல்லாதவர்கள் குறைவு. ஒரே ஒரு வேண்டுகோள். அவர்களிடம் ஏதாவது விசித்திரமான பழக்கத்தைப் பார்த்தால் தாராளமாகச் சிரியுங்கள், தப்பில்லை. சிரித்த பிறகு மஹலனோபிஸ் மாதிரி, "ஏன் இப்படி? குளிர் தாங்குகிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் உங்களைக் கேட்டால், "ஒண்ணுமில்லை" என்று சொல்லாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். வருவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

2024-ல் போனபோது கவனித்தேன். டெலிபோன் தலையணையை விட்டு மேஜைக்குப் போயிருந்தது. பெட்டி அதே இடத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றேன். வேஷ்டி பழுப்பேறியிருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன புது வேஷ்டியை நானே மடித்து வைத்துவிட்டு வந்தேன்.