நாற்காலியில் தொழுபவனின் நன்றியும் வேண்டுகோளும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலியிட்டுத் தொழும் என்னைப் பார்த்து, “நாற்பது வயதுக்காரருக்கு நாற்காலி எதற்கு?” என்று சிலர் கேட்டதுண்டு. அதற்கு விடை கூறவே தலைவர் அவர்களிடம் பத்து நிமிடம் கேட்டுப் பெற்றேன்.

எனக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்பர். 1868-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் சார்க்கோ இதனைத் தனி நோயாக விளக்கினார். மின்கம்பிக்கு உறை இருப்பது போல நரம்பிழைகளுக்கும் உறை உண்டு. உடலைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே தடம் மாறி, மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வுறையை அழிக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. இது தொற்றாது, கண்ணேறாலும் வருவதன்று.

ஒரு நாள் காலை எனது வலக்கண் புகைமூட்டம் போல் மங்கிற்று. சில வாரங்களில் தானே தெளிந்தது; மறந்துவிட்டேன். இரண்டாண்டு கழித்து இடக்கால் மரத்தது. தெருவில் தள்ளாடி நடந்தபோது, நான் குடித்திருப்பதாகச் சிலர் பேசியதும் காதில் விழுந்தது. எம்.ஆர்.ஐ. படம் எடுத்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது.

இதனை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆயினும், தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் வந்துள்ளன. இன்று ஊசியாகவும் மாத்திரையாகவும் பல உண்டு. நலமாயிருக்கும் காலத்திலும் அவற்றை விடக்கூடாது. குணமாகிவிட்டது என்றெண்ணி ஓராண்டு நிறுத்தினேன். அதன்பின் வந்த தாக்குதலின் தழும்பே எனது இன்றைய நடை.

இந்நோயுடன் வாழ நான் கற்றவை மூன்று.

முதலாவது, வெப்பத்தை அஞ்சுதல். உடற்சூடு சிறிது ஏறினாலும் பழுதுற்ற நரம்பு சோர்ந்துவிடும். எம்.ஆர்.ஐ. வருமுன், ஐயத்துக்குரியவரை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி, குறிகள் மிகுகின்றனவா என்று மருத்துவர்கள் சோதித்ததுண்டு. நம்மூர்ச் சித்திரை வெயில் அச்சோதனையை எனக்கு நாள்தோறும் செய்கிறது! உடல் குளிர்ந்தால் நிலைமை சீராகும்.

இரண்டாவது, வலிமையைச் சிக்கனமாகச் செலவிடுதல். உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு இது. பார்ப்பவர்க்குச் சோம்பலாகத் தோன்றும். கடினமான வேலைகளைக் காலையிலேயே முடித்து, நண்பகலில் ஓய்ந்து, வெயில் தாழ்ந்தபின் நடக்கிறேன். முற்காலத்தில் உடற்பயிற்சி ஆகாது என்றனர். இன்று அளவான பயிற்சி நன்மையே என்கின்றனர்.

மூன்றாவது, சலுகையை ஏற்கும் பணிவு. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழவும், நோயாளி நோன்பை விடவும் மார்க்கம் இடமளித்துள்ளது. மருத்துவரையும் ஹஜ்ரத்தையும் கேட்டே நோன்பை முடிவு செய்கிறேன். இறைவன் தந்த சலுகையை மனிதர்முன் வெட்கப்பட்டு மறுப்பானேன்?

இனி எனது வேண்டுகோள்கள். ஒளூச் செய்யுமிடத்திலும் வாசற்படியிலும் கைப்பிடிக் கம்பி அமைத்துத் தாருங்கள். முதியோருக்கும் அது உதவும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் துணைபுரிய வேண்டும்.

குறிப்பாகத் தாய்மார்களுக்கு ஒரு சொல். கண் மங்குகிறது, கால் மரக்கிறது என்று மருமகள் கூறினால், நடிப்பு என்று தாய்வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்நோயுள்ள பெண்கள் மருத்துவரின் ஆலோசனையோடு பிள்ளை பெற்று வளர்த்து வருகின்றனர்.

இறுதியாக, நான் கேளாமலே நாள்தோறும் மின்விசிறியின் கீழ் எனது நாற்காலியை இட்டுவைக்கும் மோதினார் அவர்களுக்கு நன்றி. அவர் ஒருநாளும் காரணம் கேட்டதில்லை. அந்த நாற்காலி அங்கே இருப்பதால்தான் ஜமாஅத்துடன் தொழ இன்றும் வருகிறேன்.