பாம்புக்கடி: பக்தி, மந்திரம், மருந்து
(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



ஆடி மாசம் புற்றுக்குப் பால் ஊற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும் என்று கும்பிடுகிறோம். அது பக்தி. மனசுக்குத் தைரியம் தருகிறது. அதை விடச் சொல்லவில்லை.

பாம்பு கடித்தபின் வேப்பிலை அடித்து மந்திரிப்பது வேறு. "மந்திரித்துப் பிழைத்தவர் எங்க ஊரிலேயே இருக்காரே" என்பீர்கள். உண்மைதான். பெரும்பாலான பாம்புகளுக்கு உயிரைக் கொல்லும் விஷம் கிடையாது. விஷப் பாம்பும் சில சமயம் விஷம் ஏற்றாமல் கடிக்கும். அவர் மந்திரிக்காவிட்டாலும் பிழைத்திருப்பார். ஆனால் நல்ல பாம்போ, கட்டுவிரியனோ விஷம் ஏற்றியிருந்தால், மந்திரிக்கப் போன நேரமே உயிரைக் கொண்டுபோய்விடும்.

விஷத்தை முறிப்பது ஊசி மருந்து. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. நம்மைப் போல ஏழைகள் சேர்ந்து நடத்தும் சங்கம்தான். அவர்கள் எடுத்துத் தரும் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். அந்த இருளர்களும் கன்னியம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான். சாமியும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

பாம்பு கடித்தால் கீறாதீங்க, வாயால் உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நேர்த்திக்கடனைப் பிழைத்து வந்து செலுத்தலாம்.

இதை ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.