உங்கள் வளவில் இருப்பது, அடுத்த வளவில் இல்லாதது

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கிராமக் கூட்டமொன்றில் எமது நிறுவனத்தின் தொடர்பாடல் அலுவலர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாமற்போனவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



தறப்பாள், தகரம், கிணறு இறைப்பு, நிவாரண அட்டை பற்றியெல்லாம் மற்ற அலுவலர்கள் உங்களோடு கதைத்துவிட்டார்கள். நான் கதைக்க வந்தது காசு தேவைப்படாத ஒரு விசயம். அயலுக்குள் பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்வது.

"இது எங்களுக்குத் தெரியாததே, பிள்ளை?" என்று முன்னுக்கு இருக்கிற அம்மா சிரிக்கிறா. உண்மைதான். நெல்லைக் கொடுத்துக் கருவாடு வாங்கிய ஊர்கள் எங்களுடையவை. மண்ணெண்ணெய் கிடையாத காலத்தில் ஜாம் போத்தலில் விளக்கெரித்துச் சமாளித்த ஆட்கள் நீங்கள். ஆனால் முகாமில் எல்லாருக்கும் ஒரே அரிசி, ஒரே மா, ஒரே பருப்பு. மாற்றுவதற்கு என்ன இருந்தது? இப்போது நிலைமை வேறு. ஒரு வளவில் முருங்கை தப்பி நிற்கிறது. இன்னொரு வளவில் தேசி காய்க்கிறது. ஒருவரிடம் மண்வெட்டி இருக்கிறது, அடுத்தவரிடம் கிணற்று வாளியும் கயிறும் இருக்கின்றன. சந்தை தூரம், போகிற பஸ் காசுக்கே ஒரு நாள் கறி வாங்கலாம். நிவாரணமும் குறித்த மாதங்களுக்குத்தான். ஆகவே மாற்றுவதற்கு இதுதான் காலம்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் வெளிக்கிட்டபோது நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பிப் போனால் வீட்டுக்குக் கதவில்லை, அம்மியில்லை, திருவலையில்லை. அம்மாவிடம் இருந்தது ஒரு கோடரியும், பின்வளவில் இரண்டு முருங்கையும். முருங்கைக்காய் கொடுத்து அரிசி மா, கோடரியை ஒரு நாள் கொடுத்துத் தேங்காய் என்று அந்த மாதங்களை அம்மா ஓட்டினா.

ஒரு நாள் மூன்று வீடு தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குப் போன அம்மா, அங்கே எங்கள் அம்மியைக் கண்டா. என் தம்பி அலவாங்கால் குத்தி உடைத்த மூலை அப்படியே இருந்தது. அந்த அக்கா அதைக் களவெடுக்கவில்லை. இரண்டு கோழி கொடுத்து யாரிடமோ மாற்றியிருந்தா. கொண்டுவந்தவன் யாருடைய வீட்டில் எடுத்தான் என்று அவ கேட்கவில்லை. அவவும் அழுதா, அம்மாவும் அழுதா. கடைசியில் அம்மா, "அம்மி இங்கேயே இருக்கட்டும், நான் வந்து அரைக்கிறேன்" என்றா. எங்களுக்கென்று ஒன்று வாங்கும்வரை அப்படியே நடந்தது. எல்லா வீட்டிலும் இது இப்படி முடியாது. இதே மாதிரி ஒரு கதவுக்காக, ஒரு வாளிக்காகக் கதை பேச்சு இல்லாமற்போன அயலையும் கண்டிருக்கிறேன்.

அதனால் முதலாவது விசயம்: யாருடைய பொருள் என்று தெரியாததை மாற்றாதீர்கள். ஆளில்லாத வளவில் கிடக்கிற கதவு, நிலை, தகரம், அம்மி, ஆட்டுக்கல் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் இருக்கிறார். இன்னும் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். பழைய இரும்பு பொறுக்கி மாற்றுவதும் வேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். துப்புரவாக்கப்படாத காணியில் கிடப்பது இரும்போ வெடிபொருளோ என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகமான பொருளைத் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

இரண்டாவது, அளவு. ஒரு வீட்டுப் பேணி பெரிது, இன்னொரு வீட்டுப் பேணி சிறிது. கொடுத்தது ஒரு பேணியால், திருப்பித் தந்தது வேறு பேணியால் என்றால் மனவருத்தம் அங்கேதான் தொடங்கும். நான்கு சுண்டு ஒரு கொத்து என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு ஒழுங்கைக்கு ஒரு பேணியை அளவுப் பேணியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே திருப்பித் தராத பொருளென்றால், எது, எவ்வளவு, எப்போது என்று கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். கொப்பித் தாளில் ஒரு வரி எழுதிவைத்தால் இன்னும் நல்லது. எழுதுவது நம்பிக்கையில்லாததால் அல்ல. மறதி எல்லாருக்கும் வரும்.

மூன்றாவது, எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது. கீரை, பயற்றை, கத்தரி, முருங்கைக்காய், தேசிக்காய், முட்டை போன்றவை தேவைக்கு மிஞ்சினால் மாற்றுங்கள். நாளைக்கு வாடிவிடும் பொருளுக்கு இன்றைக்கு ஒரு பெறுமதி இருக்கிறது. ஆனால் விதைநெல்லை, அடைவைக்கிற முட்டையை, இருக்கிற ஒரே மண்வெட்டியை ஒரு நேரச் சாப்பாட்டுக்காகக் கைவிடாதீர்கள். ஆயுதத்தை இரவல் கொடுக்கலாம், மாற்ற வேண்டாம். குழந்தைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் தந்த சத்துணவு அவர்களுக்கே. அதை மாற்றினால் அவர்களுடைய வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகத்தான் முடியும்.

கொடுத்தாலும் குறையாத பொருள் ஒன்று இருக்கிறது: நடுகைப் பொருள். மரவள்ளித் தடி, முருங்கைத் தடி, பொன்னாங்காணித் தண்டு, பூசணி விதை. மரவள்ளி கிண்டும்போது தடியை எறியாதீர்கள். நிழலில் நிறுத்திவைத்து அயலுக்குக் கொடுங்கள். கீரை மூன்று நான்கு கிழமையில் பிடுங்கலாம், மரவள்ளி கிழங்கு வைக்க மாதக்கணக்காகும். இரண்டையும் சேர்த்து நட்டால் இடையில் கை வெறுமையாக இருக்காது. ஆனால் கடைப் பைக்கற்றில் வந்த கலப்பின விதையில் முளைத்த மரத்தின் விதையென்றால் சொல்லிக் கொடுங்கள். அது தாய்மரம் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. பிறகு உங்கள்மேல் குறை வரக்கூடாது.

கடைசியாக, ஒன்றுமே இல்லாத வீடு. நேற்றுத்தான் வந்து இறங்கிய குடும்பம், தனியே பிள்ளைகளை வளர்க்கிற தாய், அங்கம் இழந்த தம்பி. இவர்கள் கைநீட்டக் கூச்சப்பட்டு இந்த மாற்றலுக்குள் வராமலே இருந்துவிடுவார்கள். ஆனால் அந்தத் தாய்க்குத் தைக்கத் தெரிந்திருக்கும், கிடுகு பின்னத் தெரிந்திருக்கும். தம்பி சைக்கிள் திருத்துவார், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். நீங்கள் வேலி அடைக்கப் போகும்போது அந்த வீட்டுப் பிள்ளையை இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொள்வதும் ஒரு பொருள்தான். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பதற்கு முன்னர் "உங்களிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும்" என்று போய்க் கேளுங்கள். அவர் தலை நிமிர்ந்து வாங்குவார்.

முன்பு பக்கத்து வளவில் இருந்தவர் எல்லா இடத்திலும் இன்று இல்லை. புதிய முகங்கள் வந்திருக்கின்றன. பழைய அயலவரோடும் இடையில் நிறைய நடந்துவிட்டது. ஒரு பிடி கீரையோடு படலையைத் திறந்து உள்ளே போனால், கதை தானாகத் தொடங்கும்.

இன்று வீட்டுக்குப் போனதும் வளவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மிஞ்சுகிறது ஒன்று, இல்லாதது ஒன்று என்று இரண்டை மட்டும் மனதில் எடுங்கள். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் அதை எழும்பிச் சொல்லுங்கள். அளவுப் பேணி எந்த வீட்டில் இருக்கும் என்பதையும் அன்றைக்கே தீர்மானித்துவிடலாம்.